கட்டையை எடுத்தால் இறங்கிவிடும்

மகனே,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். சங்கடமான இடங்களைத் தாண்டிப் போகவும் மாட்டேன். நீ இன்னும் பிறக்கவில்லை. நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைக்காக, வளர்ந்து ஆளாகிவிட்ட மகனுக்கோ மகளுக்கோ ஒரு கடிதம் எழுதித் தரும்படி தமிழம்மா சொன்னார். மற்ற பெண்கள் சிக்கனத்தைப் பற்றியும் நேரம் தவறாமையைப் பற்றியும் எழுதுகிறார்கள். அக்காவின் கல்யாணம் முடிந்து, வீடு முழுக்க வாடிய பூவும் வாழைச்சருகுமாகக் கிடக்கிற இந்த நேரத்தில் எனக்கு ஒரு காரைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. மகளுக்கு எழுதலாமா என்றுகூட யோசித்தேன். மகளாகப் பிறந்தால் டார்ச் பிடிக்கும் வேலை அவளுக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் கிட்டே இருந்து பார்த்துத் தெரிந்துகொள்வாள். மகனுக்குத்தான் எழுதிவைக்க வேண்டும். உனக்கென்று ஒரு வீடும், மீசையும், பிடிவாதமும் வந்த பிறகு இதை எடுத்துப் படி.

உனக்குத் தாத்தா, எனக்கு அப்பா. அப்பா என்றே எழுதுகிறேன். அவர் தர்மபுரியில் புளி மண்டி வைத்திருக்கிறார். வத்தல்மலைப் பக்கமிருந்து வருகிற புளியைக் கொட்டை நீக்கி பெங்களூருக்கு அனுப்புவார். அப்படிப் போய்வந்த பழக்கத்தில், அங்கே ஒரு காப்பித்தோட்ட முதலாளியின் கொட்டகையில் தூசி மூடிக் கிடந்த பழைய ஜெர்மனிக் காரைப் பார்த்து மயங்கி, அதை வாங்கி வந்துவிட்டார். கறுப்பு நிறம். உள்ளே பளபளக்கும் மரப்பலகை, தோல் இருக்கை. எங்கள் தெருவில் அதைத் திருப்ப முடியாது. பின்னாலேயேதான் எடுக்க வேண்டும். மற்ற கார்களில் சக்கரத்துக்கு மேலே இரும்புச் சுருள் இருக்கிற இடத்தில் இதற்கு ரப்பர் பை. எஞ்சின் ஓடும்போது அதோடு சேர்ந்து ஓடுகிற ஒரு பம்பு அந்தப் பைகளில் காற்றை நிரப்பும். காலையில் சாவியைத் திருப்பினால் கார் மெல்ல மெல்ல, ஒட்டகம் எழுவதுபோல எழுந்து நிற்கும். அதைப் பார்க்கவே தெருவில் பாதிப் பேர் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வருவார்கள்.

எழுந்து நிற்பதில் ஒரு குறையும் இல்லை. படுப்பதில்தான் தொல்லை. ஓர் இரவு நின்றால், மற்ற மூன்று மூலைகளும் நேராக இருக்க, இடது முன்பக்கம் மட்டும் ஒரு சாண் இறங்கியிருக்கும். இதைக் கண்டதும் ஒரு மனிதர் என்ன செய்ய வேண்டும், நீயே சொல். குனிந்து, ஏன் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அப்பா நிமிர்ந்து எதிர்வீட்டைப் பார்த்தார். அங்கே இரும்புக்கடைக்காரர் குடியிருக்கிறார். கார் வாங்குவதைப் பற்றி எப்போதோ ஏதோ சொல்லிவிட்டார் என்று அப்பாவுக்கு அவர்மேல் ஒரு கறுவல்.

"பாத்துட்டானா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"யாருங்க?"

"அவந்தான்."

"அவரு வேலூருக்குப் போயிக்கிறாருங்க. வூட்டுல யாருமில்ல."

"வந்துருவானில்ல?"

அன்று மாலையே மண்டியிலிருந்து ஒரு கட்டை வீட்டுக்கு வந்துவிட்டது. புளியை வைத்துக் கொட்டை தட்டுகிற, அடிபட்டு அடிபட்டு நடுவில் குழிந்துபோன கனத்த புளியமரக் கட்டை. பொழுது சாய்ந்ததும் அப்பா ஜாக்கி போட்டு இடது முன்பக்கத்தைத் தூக்குவார். கட்டையை அடியில் தள்ளுவார். மேலே தார்ப்பாயைப் போர்த்துவார். விடிவதற்குள் எழுந்து மறுபடி ஜாக்கி போட்டுக் கட்டையை உருவிவிடுவார். டார்ச் பிடிப்பது நான். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பெண்.

இதில் ஒரு விசித்திரம் நடந்தது. கட்டை வைக்கத் தொடங்கிய பிறகு கார் இன்னும் மோசமானது. முன்பு ஒரு சாண் இறங்கியது, இப்போது விடியற்காலையில் கட்டையை உருவினால் சக்கரத்தின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிடும். எழுந்திருக்க எஞ்சினை வெகுநேரம் உறுமவிட வேண்டியிருந்தது. "நோவு முத்திப்போச்சு" என்றார் அப்பா. முத்திப்போன நோவுக்கு அவர் கண்ட வைத்தியம், மறுநாள் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கிக் கட்டைக்கு மேல் ஒரு பலகையும் வைத்தது.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இது காரில் தொடங்கியதில்லை. போன வருடம் எனக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று சேலத்தில் கண்ணாடி போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் போட்டுக்கொள், தெருவில் கழற்றிவிடு என்பது அப்பாவின் உத்தரவு. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று என் கண்ணாடியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். காப்பித் தட்டை நான்தான் தூக்கிப்போக வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா எது, அவர் பக்கத்திலிருந்த தூண் எது என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. காப்பி அவர் வேட்டியில் கொட்டியது. அவர் துள்ளி எழுந்து, "சூடாத்தான் கீது, நல்ல காப்பி" என்றார். எனக்கு அவரை அன்றே பிடித்துப்போயிற்று. அப்பாவோ ராத்திரி முழுக்க, "கண்ணு தெரியாத மாதிரி நடந்துகிட்டியே" என்று என்னைத் திட்டினார். கண் தெரியாததால்தான் அப்படி நடந்தேன் என்று எப்படிச் சொல்வது? அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அந்த மாப்பிள்ளையோடுதான் கல்யாணம் நிச்சயமானது. மாரண்டஹள்ளிக்காரர்கள், காய்கறி வியாபாரம். மாப்பிள்ளைக்கு வடக்கே ஓர் இரும்பு ஆலையில் வேலை. தையில்தான் லீவு, அதை விட்டால் மறு வருடம். நிச்சயத்தன்று தாம்பூலம் மாற்றியதும் அப்பா, யாரும் கேட்காமலே, கூடியிருந்த எல்லோர் முன்னாலும், "மாப்ளையழைப்பு எங்காருலதான். கோயில்லேருந்து மண்டபம் வரைக்கும்" என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, நாதஸ்வரம் முன்னே போக, மாப்பிள்ளையை ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்வலமாக அழைத்து வரவேண்டும். ஒரு பக்கம் மண்டிபோட்ட காரில் அதைச் செய்ய முடியாது. பம்பாயிலிருந்து சாமான் வரவழைக்கலாம் என்றார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பொங்கல் கழிந்ததும் அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது, "தையில ஆவலன்னா வைகாசியில வச்சிக்கலாம்" என்றார்.

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். "வைகாசியில மாப்ளைக்கு லீவு கெடையாதுங்களே."

"லீவு பெருசா, எம்பேச்சு பெருசா?"

எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, கல்யாண வேலைக்கென்று முன்னதாகவே வந்திருந்தவள், இதற்கு இன்னும் எண்ணெய் ஊற்றினாள். "எடது பக்கம் பொண்ணு ஒக்கார்ற பக்கம்டா தம்பி. அதுவே மண்டி போட்டா என்னா அர்த்தம்? தள்ளிப் போடறதுதான் நல்லது."

அக்கா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பு வந்த இரண்டு சம்பந்தங்கள் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்த்தான் இல்லாமல் போயின. எங்கள் வீட்டில் தள்ளிப்போடுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். இவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

அப்பா காதர் பாயை வரச்சொன்னார். சேலம் ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். தொப்பூர்க் கணவாயில் கவிழ்கிற லாரிகளில் பாதி அவரிடம்தான் வரும் என்பது அவருடைய பெருமை. பகலில் வந்தார். கார் நிமிர்ந்து நின்றது.

"நல்லாத்தானே நிக்குது? இதுக்கா என்னை இட்டாந்தீங்க?"

"ராத்திரியில எறங்கிடுதுங்க பாய்."

"செரி, ராத்திரி வர்றேன்."

ராத்திரி வந்தார். தார்ப்பாயைத் தூக்கினார். கட்டையின்மேல் கார் கம்பீரமாக நின்றது.

"கட்டைய எடுங்க மண்டிக்காரரே."

"எடுத்தா எறங்கிடும்."

"எறங்கினாத்தான பாக்க முடியும்?"

"எதுத்த வூட்ல லைட்டு எரியுது பாய்."

காதர் பாய் எதிர்வீட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என் டார்ச்சைப் பார்த்தார். "காலு நோவுதுன்னு டாக்டர்கிட்ட போயி, வேட்டியத் தூக்க மாட்டேன்னா எப்பிடிங்க?" என்றார். அப்பா அசையவில்லை. பார்க்க விடாவிட்டால் பாய் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "இந்தக் காத்துப் பையெல்லாம் நம்ம ரோட்டுக்கு ஆவாது. அறுத்துப் போட்டுட்டு, லாரிக்கு அடியில போடற இரும்புப் பட்டைய அடுக்கித் தந்துர்றேன். கல்லு மாதிரி நிக்கும். ஆனா வேல முடிய மாசி ஆயிரும்." அப்பா அதற்கும் தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு டார்ச்சை அணைத்துவிட்டேன். அப்புறம் திட்டு வாங்கி, மறுபடி போட்டேன்.

மறுநாள் மாலை வழக்கம்போல ஜாக்கி ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கேட்டேன். கார் உயர உயர, சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். பாம்போ என்று முதலில் பின்வாங்கினேன். பிறகு டார்ச்சை உள்ளே அடித்தேன். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக்கும் காரின் உடம்புக்கும் நடுவே விரல் தடிமனில் ஒரு சிறு கம்பி. கார் மேலே போகப்போக அந்தக் கம்பி கீழே சாய்ந்தது. அது சாயச்சாயக் காற்று வெளியேறியது. அப்பா ஜாக்கியை நிறுத்தினால் சீறலும் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தது. ஓய்ந்தபோது ரப்பர் பை சப்பையாகியிருந்தது.

பள்ளி விடுதித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மிதவை உண்டு. தண்ணீர் குறைந்தால் அது தாழும், குழாய் திறக்கும். நிறைந்தால் எழும்பி அடைக்கும். இந்தக் கம்பியும் அதுபோல ஒரு காவல்காரன்தான். காரின் உடம்பு தாழ்ந்தால் பைக்குள் காற்றை விடுவான். அளவுக்கு மேல் உயர்ந்தால் காற்றைத் திறந்து வெளியே விடுவான். நாங்கள் தினமும் ஜாக்கியால் தூக்கி, "அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டாய்" என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் தினமும் நேர்மையாகக் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். ஒரு சாண் நோவை முழு நோவாக்கியது எங்கள் கட்டை.

"அப்பா, காத்து இப்பத்தான் போவுது. தூக்கறதாலதான் போவுது."

"டார்ச்ச நேராப் புடி."

"கட்டைய எடுத்துப் பாக்கலாம்ப்பா. ஒரே ஒரு நாளு."

"நாளைக்கு சம்பந்தி வர்றாரு. வைகாசிக்கு மாத்தறதப் பேசணும். காரு கோணலா நின்னா என்னா நெனப்பாரு?"

மகனே, இதை இரண்டு முறை படி. கார் கோணலாக நிற்பதால் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும். அதைப் பற்றிப் பேச வருகிறவர் பார்க்கும்போது கார் கோணலாக நிற்கக் கூடாது. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்று அக்காவிடம் எல்லாவற்றையும், சிலேட்டில் படம் போட்டுச் சொன்னேன். அவளுக்கு மிதவை புரிந்ததா என்று தெரியாது. "கட்டை இல்லன்னா வழி கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள். கிடைக்கும் என்று நினைக்கிறேன் என்றேன். நிச்சயமாகத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை எஞ்சின் ஓடிக் கார் எழுந்து நின்றது. சம்பந்தி மத்தியானப் பஸ்ஸில் வருகிறார் என்பதால், பகலிலேயே கட்டை வைத்துவிட அப்பா ஜாக்கியை எடுத்து வந்தார். பட்டைக்கு அளவெடுக்கக் காதர் பாயும் வந்திருந்தார். அப்போது அக்கா படியிறங்கி வந்தாள். முன் இடது கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வசந்தா, எறங்கும்மா. ஜாக்கி போடணும்."

"போடுங்கப்பா. என்னையும் சேத்துத் தூக்குங்க."

"ஐயோ, கல்யாணப் பொண்ணு!" என்று அத்தை ஓடி வந்தாள். "ஜாக்கி நழுவினா என்னா ஆவறது? எறங்குடி! தெருவே பாக்குது!"

"பாக்கட்டும் அத்தை. இந்தக் காரு எவ்ளோ நேரத்துல எறங்குதுன்னு நானும் பாக்கறேன். அதுக்கப்புறம் நான் எறங்கறேன்."

அப்பா ஜாக்கியைப் பிடித்தபடியே நின்றார். அக்கா அவரிடம் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. காதர் பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எதிர்ச்சுவரில் சாய்ந்தார். நான் உள்ளே ஓடி, அப்பாவின் சவரக் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்தேன். காற்று கசிகிற இடத்தில் குமிழ் விடும் என்று சோப்பை நன்றாக நுரைக்க அடித்தேன். கை நுழைய இடம் கிடைக்கும்படி பாய் ஸ்டியரிங்கை ஒடித்துச் சக்கரத்தைத் திருப்பித் தந்தார். "உள்ள தலைய வுடாத பாப்பா, கைய மட்டும் வுடு" என்றார். பையின் மேல் நுரை பூசினேன், ஒன்றுமில்லை. காவல்காரன்மேல் பூசினேன், ஒன்றுமில்லை. அப்பா, "எம் பிரஷ்ஷு" என்று ஒரு முறை சொன்னார்.

நேரம் போயிற்று. கார் இறங்கவே இறங்காததுபோல நின்றது. அப்பா கிட்டே வந்து பார்த்தார். "கட்டை வச்சா பொத்துனு வுழுதே, இப்ப நிக்குதே" என்று யாரிடமோ கேட்டார். வெயில் ஏறிய பிறகு நாலு விரற்கடை தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி, தோளில் துண்டும் கையில் ஒரு பை கத்தரிக்காயுமாகத் தெருவுக்குள் நுழைந்தார். சாய்ந்த காரில் அவருடைய மருமகள். சக்கரத்துக்குப் பக்கத்தில், பாவாடையெல்லாம் நுரையோடு நான், கண்ணாடி போட்டுக்கொண்டு. ஜாக்கியைப் பிடித்தபடி அப்பா.

"என்னா சம்பந்தி, உங்க காரு எனக்கு நமஸ்காரம் பண்ணுதா?"

அப்பாவின் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது. எல்லாவற்றையும் மறைத்துக் கடைசியில் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்துபோன முகம். "அது... ஒரு பக்கம் எறங்குதுங்க" என்றார். எத்தனையோ நாளாகச் சொல்லாத வாக்கியம்.

"எங்க?" என்று சம்பந்தி பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார். "காப்பி கொட்டின பொண்ணுதான நீ? எங்க குமிழி வருதுன்னு பாக்கறியா? அந்தக் கொழா பைக்குள்ள போற முடிச்ச வுட்டுட்டியே, பாரு."

பிரஷ்ஷை அங்கே வைத்தேன். குழாயும் பையும் சேரும் திருகில் முதலில் ஒரு குமிழ் கடுகளவு வந்தது; பிறகு நெல்லிக்காயளவு ஆகி உடைந்தது; மறுபடி வந்தது. நான் கத்திவிட்டேன். காதர் பாய் பீடியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார். அப்பா தரையில் கையூன்றி, வேட்டி அழுக்காவதைப் பாராமல் குனிந்து பார்த்தார். அந்தக் காருக்குக் கீழே அவர் பகல் வெளிச்சத்தில் குனிந்தது அதுதான் முதல் முறை.

பாய் திருகைக் கழற்றினார். உள்ளே ஒரு செப்பு வளையம் தேய்ந்து இறுகிக் கிடந்தது. அடுப்பு நெருப்பில் அதைச் சிவக்கக் காய்ச்சி, இளக்கமாக்கி, திரும்பப் போட்டு முறுக்கினார். "இப்பிடிக் காட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். நானும் லாரிப் பட்டை அது இதுன்னு ஒளறியிருக்க மாட்டேன்" என்றார். அப்பா வைகாசி என்ற பேச்சை எடுத்தபோது சம்பந்தி முடிக்கவே விடவில்லை. "காரு நிக்கட்டும், படுக்கட்டும். தேதி நிக்கணும் சம்பந்தி. நாங்க காரு கேட்டமா? எங்கூரு பஸ்ஸு ஒரு பக்கமா சாஞ்சிதான் வரும். எம்பையன் அதுல தொத்திகிட்டு வந்து எறங்கிடுவான்." அக்கா அப்போதுதான் கதவைத் திறந்து இறங்கினாள். முழங்கால் மரத்துப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று முன்தினம் மாலை மாப்பிள்ளையழைப்பு. காரின் மேல் சாமந்தி மாலை, முன்னே நாதஸ்வரம். சம்பந்திகளோடு நடக்க வேண்டிய அப்பா, இடது முன்சக்கரத்தோடு நடந்தார். கார் மண்டபத்து வாசலில் நின்றது, மாப்பிள்ளை இறங்கினார், எல்லோரும் உள்ளே போனார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தபோது அப்பாவைக் காணோம் என்று தேடி வெளியே வந்தேன். டிக்கியைத் திறந்து எதையோ தூக்கிக்கொண்டிருந்தார். கட்டை! கொண்டுவந்திருக்கிறார்!

"அப்பா!"

"ஒரு பாதுகாப்புக்கு பாப்பா. ராத்திரியெல்லாம் சனம் வரும் போவும்..."

நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் இரும்புக்கடைக்காரர் கை கழுவிக்கொண்டு, வெற்றிலையோடு அங்கே வந்துவிட்டார். "என்னா மண்டிக்காரரே, கட்டையும் கையுமா?"

அப்பா அவரைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். மெல்ல அதைத் தெருவில், சக்கரத்துக்கு நேரே கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். "எடது பக்கம் காத்து எறங்கிட்டிருந்துச்சிங்க. வளையத்த மாட்டியிருக்கு. நிக்குதான்னு பாக்கணும்."

"அது தெரியுமே" என்றார் இரும்புக்கடைக்காரர். "தெனம் உங்க ஜாக்கி சத்தம் கேட்டுத்தான நாங்க லைட்டப் போட்டு எட்டிப் பாக்கறது. என்னாடா, இந்த மனுசன் கேட்டா ஒரு கை புடிக்கலாமேன்னு நெனப்பேன். நீங்கதான் பேசவே மாட்டீங்களே." சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி, பக்கத்தில் தரையிலேயே குந்திக்கொண்டார். "எங்க, எந்த எடம்?"

இருவரும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்கள். அப்பா விரலால் அந்தத் திருகைக் காட்டினார். "சரியாத் தெரியலீங்க. பாப்பா, உள்ள போயி டார்ச்ச எடுத்தா" என்றார். நான் ஓடினேன். கல்யாணப் பெட்டிகளுக்கு நடுவே தேடி எடுத்து, அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிச் சிரித்து, நான் திரும்பி வருவதற்குள் மண்டபத்து வாசல் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். டார்ச்சை அடித்தேன்: இருவரும் இன்னும் குனிந்தபடிதான் இருந்தார்கள், கார் இறங்காமல் நேராக நின்றது.